தையலம்மாள் பெயர் போட்ட வடகம்

மங்கலம், வில்லியனூர் கொம்யூன்
ஈஸ்வர வருஷம் ஆனி மாதம் 14-ந் தேதி

சௌபாக்கியவதி சுலோசனாவுக்கு உன் அம்மா விருத்தாம்பாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி நடேசனும் சுவாமி புண்ணியத்தில் நன்றாகவே இருக்கிறோம், அங்கே சைகோனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று அடுத்த கப்பல் தபாலில் உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் கடிதம் வைகாசி பிறந்து நாலாம் நாள் வந்தது, ஒன்றரை மாதமாகப் பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, காரணம் கீழே எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனாலும் சேற்றில் இறங்கினால் ராத்திரி முனகுகிறார், சொன்னால் கேட்கிற ஆளா அவர். மேலண்டைக் கொல்லையில் கரும்பு நன்றாகக் கிளம்பியிருக்கிறது. சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டது. நடேசன் பிரெஞ்சுப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று விளக்கெண்ணெய் தீர்க்கிறான், புத்தகத்தைப் பார்க்கிறானா சுவரைப் பார்க்கிறானா தெரியவில்லை. குழந்தைக்குப் பல் முளைக்கும் நேரம், வயிறு இளகினால் பயப்படாதே, வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் ஒரு துளி தடவு, அங்கே கிடைக்காது என்று ஒரு துண்டு இந்தக் காகிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நடேசனிடம் சொல்லி எழுதவைக்கவில்லை, என் கோழிக்கிறுக்கலில் நானே எழுதுகிறேன், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள். உன் கடிதத்தில் நீ என்ன எழுதியிருந்தாய் ஞாபகம் இருக்கிறதா? சூசைநாதன் கடையில் வில்லியனூர் வடகம் டின் வந்திருந்தது, மேலே ஒட்டின காகிதத்தில் மங்கலம் தையலம்மாள் என்று சித்தி பெயரைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது, பக்கத்து வீட்டுக்காரியிடமெல்லாம் காட்டினேன், தாளித்தபோது நம் வீட்டு வாசனையே வந்தது, அப்படித்தானே எழுதினாய்? நீ நல்ல மனசோடுதான் எழுதினாய் அம்மாடி. நடேசன் அதை உரக்கப் படித்தான், உன் அப்பா தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார், நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். என் வயிற்றில் பிறந்தவள் கடல் தாண்டிப் போய் என் ஓரகத்தி பெயரைப் பார்த்துப் பூரிக்கிறாளே என்று அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

நீ கல்யாணமாகிப் போனபிறகு இங்கே நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. வில்லியனூர் கடைத்தெரு தெய்வசிகாமணி செட்டியார் ஆறு வருஷமாக என்னிடம்தான் வடகம் வாங்கினார். நான் உருட்டினது போக, தெருப் பெண்கள் உருட்டினதையும் வாங்கிச் சேர்த்து நான்தான் பானை கட்டி அனுப்புவேன், அவர் அதை டின்னில் அடைத்துப் புதுச்சேரியில் கப்பலேற்றுவார், சைகோனில் சூசைநாதன் விற்பார். போன வருஷம் சூசைநாதனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வில்லியனூர் வடகம் என்று சொல்லிக்கொண்டு எங்கெங்கோ இருந்து வெங்காயத் தோலையும் தவிட்டையும் உருட்டி அனுப்புகிறார்கள், இங்கே நம் ஜனங்கள் ஏமாந்துபோகிறார்கள், இனிமேல் சரக்கோடு வில்லியனூர் கொம்யூன் கச்சேரியிலிருந்து செர்த்திபிக்கா என்கிற அத்தாட்சிச் சீட்டு வரவேண்டும், வெங்காயம் பிரெஞ்சு மண்ணில் விளைந்தது, உருட்டிக் காயவைத்தது வில்லியனூர் கொம்யூனுக்குள் என்று கொம்யூன் தலைவர் மேர் கையெழுத்துப் போடவேண்டும், அதற்குப் பொறுப்பாக உருட்டுகிற பெண்களில் ஒருத்தி பெயர் வேண்டும், அந்தப் பெயரையே டின்னில் ஒட்டுவோம் என்று எழுதியிருந்தார். அந்த ஒருத்தி யார் என்று ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நானும் கச்சேரிக்குப் போகக் கட்டிக்கொள்ள அந்த அரக்குச் சேலையை வெயிலில் காட்டி மடித்து வைத்திருந்தேன். செட்டியார் வந்தார், என் வீட்டைத் தாண்டினார், இருபதடி தள்ளி உன் சித்தி வீட்டுக்குள் போனார். பிறகு வெளியே வந்து என்னிடம், தையலம்மா பேரைக் குடுத்துட்டேம்மா, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க, உங்க உருண்டையும் அந்தம்மா கையிலியே குடுத்துடுங்க என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அரக்குச் சேலையைத் திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அதுமுதல் நான் பார்த்ததையெல்லாம் எழுதினால் காகிதம் போதாது. வடகத்தம்மா வடகத்தம்மா என்று ஊரே அவளைக் கூப்பிட்டது. என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்த ரோசம்மாளும் ஆரோக்கியமும் மற்றவர்களும் அவள் முற்றத்துக்குப் போய்விட்டார்கள், அங்கே அவர்கள் சிரிப்பது என் அடுப்படிவரைக்கும் கேட்கும், என் வீட்டில் உரித்தபோது இப்படிச் சிரித்தார்களா என்று யோசித்துப் பார்ப்பேன். தை மாசம் சூசைநாதன் லீவில் வந்தவர் மங்கலத்துக்கே வந்தார், வெள்ளைக் காலுசட்டையும் தொப்பியுமாக அவள் வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்தார், நான் வாசலைப் பெருக்குகிற சாக்கில் மூன்று தரம் பெருக்கினேன், ஒருத்தரும் இவர்கள்தான் அக்கா என்று என்னைக் காட்டவில்லை. சித்திதான் வெளியே வந்து, அக்கா உள்ள வாயேன் என்றாள், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் கூப்பிட்டது எனக்குப் பொறுக்கவில்லை, கூப்பிடாமல் இருந்தாலும் பொறுத்திருக்காது. வைகாசித் தேருக்கு அப்பாவும் நடேசனும் போனார்கள், நான் போகவில்லை, அங்கே அவள் வருவாள் என்றுதான் போகவில்லை. இந்த வருஷம் நான் உருட்டினதை அவளிடம் கொடுக்கவும் இல்லை. வெங்காயம் சரியாக அமையவில்லை என்று சொல்லிவிட்டு, பின்கட்டில் வைக்கோல்போருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் பாய் போட்டுக் காயவைத்து நாலு பானை சேர்த்தேன். எதற்காக என்று அப்போது எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை, அவள் சறுக்கி விழுகிற நாள் வரும் என்று காத்திருந்தேன் என்பதுதான் உண்மை.

அந்த நாளை நானே வரவழைத்தேன். உன் கடிதம் வந்து பத்து நாள் இருக்கும். மத்தியானம் ஒரு மூட்டை வண்டி தெற்கு ரோட்டில் இங்கிலீஷ்காரன் எல்லைப் பக்கத்திலிருந்து வந்து சித்தி வீட்டு வாசலில் நின்றது. வண்டிக்காரன் இன்னாசிமுத்து எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள், எனக்கு முகம் தெரியும். எட்டு மூட்டை சின்ன வெங்காயம் இறங்கிற்று. நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கன்று போட்ட பசுவுக்குப் பிண்ணாக்கு வாங்கப் போகிறேன் என்று வில்லியனூர் போய், கொம்யூன் கச்சேரியில் குமாஸ்தாவிடம், மங்கலம் தையலம்மாள் இங்கிலீஷ் சீமை வெங்காயத்தில் வடகம் உருட்டி நம் கொம்யூன் பேரில் அனுப்புகிறாள், என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது கால் லேசாக இருந்தது சுலோசனா. பிண்ணாக்கு வாங்க மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் குமாஸ்தாவும் இரண்டு சேவகரும் வந்து, ஏற்கெனவே உருட்டினதும் அந்த வெங்காயமாகத்தான் இருக்கும் என்று, அவள் வீட்டில் கப்பலுக்கு வைத்திருந்த பன்னிரண்டு பானையையும் உள்ளறையில் வைத்துக் கதவைப் பூட்டி அரக்கு முத்திரை போட்டார்கள். விசாரணை முடியும்வரைக்கும் திறக்கக்கூடாது. ரோசம்மாள் தெருவில் நின்று வாயில் அடித்துக்கொண்டு அழுதாள், அந்தப் பானைகளில் அவள் உழைப்பும் இருந்தது, எட்டுப் பெண்கள் உழைப்பும் இருந்தது, வண்டியைப் பார்த்தபோது அது என் புத்தியில் வரவே இல்லை. அடுத்த நாளே மழை பிடித்துக்கொண்டது, வைகாசியில் அப்படி மழை நான் பார்த்ததில்லை, மூன்று நாள் விடவில்லை. பூட்டின அறையில் காற்றும் வெயிலும் இல்லாமல் வடகம் கிடந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். கூரையில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் படுத்திருந்தேன், சந்தோஷமாக இருக்கிறதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன், முதல் நாள் இருந்தது, இரண்டாம் நாள் இல்லை.

முத்திரை போட்ட ஒன்பதாம் நாள், சேதி போய்ச் சேர்ந்து, சித்தியின் அண்ணன் பலராமன் பாகூரிலிருந்து நடந்தே வந்தார். அந்த வெங்காயம் அவர் நிலத்தில் விளைந்தது, பாகூர் கொம்யூன், சுத்தமான பிரெஞ்சு மண். நம் சீமைதான் கிழிந்த துணி மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கிறதே, நடுவில் இங்கிலீஷ்காரன் ஊர் ஒன்றைத் தாண்டித்தான் வண்டி வரவேண்டும், அவர் வண்டி அச்சு முறிந்துவிட்டதால் இன்னாசிமுத்து வண்டியைப் பிடித்திருக்கிறார். இங்கிலீஷ் எல்லைக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் சுங்கச் சாவடியில் வாங்கின சீட்டு இரண்டையும் மடியில் வைத்திருந்தார். அதைப் பார்த்தும் மேர், கொம்யூனைச் சேர்ந்த வேறொருவர் வந்து இது இங்கேயே உருட்டின சரக்கு என்று கையெழுத்துப் போட்டால் திறக்கிறேன் என்று சொல்லிவிட்டார். சித்தி நேரே என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் வீங்கிப்போயிருந்தது. அக்கா நீ வந்து ஒரு கையெழுத்து போடுக்கா, ஒனக்குத்தான் எழுதத் தெரியும், நீ சொன்னா மேரு தட்டமாட்டாரு என்றாள். நான் என்ன செய்ய? அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு அவளோடு ஒரே வண்டியில் போனேன்.

கச்சேரியில் குமாஸ்தா என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தான். இன்னாம்மா இது, வெளிச்சீமை வெங்காயம்னு அன்னிக்கு வந்து சொன்னதே நீங்கதான, இன்னிக்கு நீங்களே கையெழுத்து போட வந்துக்கிறீங்க என்றான். சித்தி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம், என் பெயர் அவன் புத்தகத்தில் இல்லை, ஊரில் என் பேச்சுக்கு மதிப்பும் உண்டு. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது என்னை என்னவோ செய்துவிட்டது. ஆமாம், நான்தான் சொன்னேன், வண்டியைப் பார்த்துத் தப்பாக நினைத்துவிட்டேன், வெங்காயம் நம் மண்ணுதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். என் பெயரில் ஒரு துணைக்கால் போட மறந்து, அவன் திரும்ப நீட்டி, மறுபடியும் போட்டேன். திரும்பி வரும்போது வண்டி மங்கலம் ஏரிக்கரை திரும்புகையில் அவள், இன்னாக்கா கொறை வெச்சேன் ஒனக்கு என்றாள். குறை வைத்திருந்தாளானால் நான் இவ்வளவு தூரம் போயிருக்கவே மாட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

முத்திரையை உடைத்துப் பார்த்தபோது ஐந்து பானை பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. குப்பையில்தான் கொட்டினார்கள். ஒரு வாரம் கழித்து செட்டியார் என் வீட்டுக்கு வந்தார். ஆனி இருபதாம் தேதி கப்பல், சூசைநாதனுக்குச் சொன்ன அளவு போகாவிட்டால் அடுத்த தரம் அவர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார், ஐந்து பானை குறைகிறது, உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அன்றைக்குத்தான் நான் கேட்டேன், ஏன் செட்டியாரே, ஆறு வருஷம் என்னிடம் வாங்கிவிட்டு எதற்காக அவள் பெயரைப் போட்டீர்கள் என்று. அவர் மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், கோவிச்சுக்காதீங்கம்மா, உங்க கை மணம் யாருக்கும் வராது, ஆனா உங்களுக்கு முகத்தாட்சணியம் ஜாஸ்தி, யாரு கொண்டாந்து குடுத்தாலும் பானையில போட்டுடுவீங்க, பாவம்னு வாங்குவீங்க, ரெண்டு வருஷம் சைகோன்ல பாதி டின்னு பூஞ்சையாப் போச்சு, நான் உங்ககிட்ட சொல்லல, அந்தம்மா அப்பிடி இல்ல, கூடப்பொறந்தவளே குடுத்தாலும் பிட்டுப் பாத்து மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்பிக் குடுத்துடும், அங்க கடல் தாண்டி ஒருத்தன் என் வார்த்தைய நம்பித்தான டின்ன திறக்காமலே விக்கிறான் என்றார். இத்தனை நாள் அவள் செட்டியாரிடம் பல்லைக் காட்டித்தான் பெயர் வாங்கினாள் என்று நினைத்திருந்தேன். அது உண்மையாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

நாலு பானை இருக்கிறது என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார், அதையும் தையலம்மாளிடமே கொடுத்துவிடச் சொன்னார். நேற்றுக் காலையில் அப்பாவும் நடேசனும் ஆளுக்கு இரண்டாக அந்தப் பானைகளைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சித்தி வீட்டு முற்றத்தில் வைத்தார்கள். அப்பாவுக்கு இன்றுவரைக்கும் விஷயம் தெரியாது, சித்தி யாரிடமும் சொல்லவில்லை, குழந்தைவேல் சித்தப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. பெண்கள் எல்லோரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி பாயை விரித்து என் பானையைக் கவிழ்த்து, ஒவ்வொரு உருண்டையாக எடுத்து இரண்டாகப் பிட்டு மூக்கில் வைத்துப் பார்த்து, விளக்கெண்ணெய் தொட்டு மறுபடி உருட்டி ஒரு பக்கம் வைத்தாள். ஒரு பானை முடிந்து இரண்டாவது பானை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரச் சொல்லவில்லை. ரோசம்மாளுக்குப் பொறுக்காமல், ஏன் தையலு, ஒன் அக்கா உருட்டினத இன்னாத்துக்குப் பிட்டுப் பாக்கிற என்று கேட்டுவிட்டாள். கப்பல்ல போற சாமானாச்சே, யாரு குடுத்தாலும் பாக்கணும் என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். அந்தப் பதிலில் என்னைக் காப்பாற்றினாளா அடித்தாளா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது பானையின் அடியிலிருந்து ஒன்பது உருண்டையைத் தனியாக எடுத்து ஒரு முறத்தில் வைத்து என்னிடம் நீட்டினாள். நடுவுல ஈரம் இருக்குதுக்கா, மூணு வெயிலு வேணும் என்றாள். வண்டியில் கேட்டதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசின முதல் வார்த்தை அதுதான். வேண்டுமென்றே சொல்கிறாள் என்று நினைத்து, அத்தனை பேர் பார்க்க ஒன்றை எடுத்து நானும் பிட்டேன். ஈரம் இருந்தது. வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளித்து ஒளித்துக் காயவைத்ததற்கு வெயில் எங்கிருந்து போதும்?

இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், மன்னிப்பு என்கிற வார்த்தை அவளிடம் போய் எனக்கு வாயில் வரவில்லை, யாரிடமாவது சொல்லிவிட்டால் வழி பிறக்குமா என்று பார்க்கிறேன். என் பொறாமை போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். இப்போதும் அந்த முற்றத்துச் சிரிப்பு கேட்கும்போது வயிறு எரிகிறது, அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதை நினைத்தால் இன்னும் அதிகமாக எரிகிறது, அந்த நல்ல பெயரும் அவளுக்கே போய்ச் சேர்ந்துவிட்டதே. நீ அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. டின் வந்தது, நன்றாக இருந்தது என்று மட்டும் எழுது, என்னைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். எனக்கு எழுதும் பதிலிலும் இந்த விஷயத்தைத் தொடாதே, நடேசன்தான் அப்பாவுக்கு உரக்கப் படிப்பான். மாப்பிள்ளையை ஞாயிற்றுக்கிழமையாவது நேரத்துக்குச் சாப்பிடச் சொல். குழந்தையின் முடியை அங்கே இறக்காதே, வில்லியனூர் கோயிலுக்கு வேண்டியிருக்கிறேன், நீங்கள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மூன்று பேரும் ஆயுசு நிறைய, மனசில் ஒருவரைப் பார்த்து ஒருவர் வேகாமல், ஒன்றாக இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

அந்த ஒன்பது உருண்டையை இன்று காலையில் வாசலிலேயே, தெருவைப் பார்க்க, முறத்தோடு வெயிலில் வைத்துவிட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். நாளை மறுநாள் மூன்றாவது வெயில் முடிகிறது, நானே எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுக்கப் போகிறேன், அவள் பிட்டுப் பார்க்கிறவரைக்கும் நிற்கப் போகிறேன்.

இப்படிக்கு
உன்னையே நினைத்திருக்கும் அம்மா
க. விருத்தாம்பாள்